காப்புக் காய்த்த பாலம்: வலங்கை, இடங்கை, தலை

1

செஞ்சிக்கு வடக்கே, தேசூர் பக்கம் இருக்கிறது சீயமங்கலம். முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த கோயில் அங்கே உண்டு. அவனிபாஜன பல்லவேஸ்வரம் என்று பெயர். அரைத்தூண் ஒன்றில் நான்கு கைகளோடு ஆடும் சிவன். தமிழகத்தில் கல்லில் செதுக்கிய ஆடும் சிவன்களில் மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று என்பதால் கலை வரலாற்றுக்காரர்கள் இங்கே வந்து போகிறார்கள். நான் பேச விரும்புவது அந்த நான்கு கைகளைப் பற்றியல்ல. அவற்றைச் செதுக்கிய இரண்டு கைகளைப் பற்றி.

கோயில் கல்வெட்டு லலிதாங்குரன் என்று அரசனின் பட்டப்பெயரைச் சொல்கிறது. உளி பிடித்தவன் பெயர் அதில் இல்லை. மண்டகப்பட்டு, தளவானூர், சீயமங்கலம் என்று செஞ்சியைச் சுற்றியுள்ள பாறைகளில் மகேந்திரனின் பட்டப்பெயர்கள் இறைந்து கிடக்கின்றன. விசித்திரசித்தன், சத்ருமல்லன் என்று எத்தனையோ. விசித்திரமான சித்தம் அரசனுக்கு. அந்தச் சித்தத்தைக் கல்லில் இறக்கியவனுக்குக் கை மட்டும்தான். வரலாறு நமக்குக் கற்பித்திருக்கும் பிரிவினை இதுதான்: நினைப்பது ஒருவன், செய்வது இன்னொருவன்.

கல்தச்சரின் வேலையைச் சற்று நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். உளி இடது கையில், சுத்தியல் வலது கையில். ஓங்கி அடிக்கிற கைதான் வேலை செய்கிற கை என்று நமக்குத் தோன்றும். ஆனால் உளியின் சாய்வை, அது கல்லில் பதியும் இடத்தை, அடிக்கு அடி அது நகரும் தூரத்தை வைத்துக்கொண்டிருப்பது இடது கை. அது முதலில் ஒரு களத்தை அமைக்கிறது. வலது கை அந்தக் களத்துக்குள் வந்து அடிக்கிறது. 1987இல் ஈவ் கியார் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இதையே கோட்பாடாக்கினார். எழுதும்போது காகிதத்தைப் பிடித்து நகர்த்தும் கை, தைக்கும்போது துணியைப் பிடிக்கும் கை, இவை சும்மா இருக்கும் கைகள் அல்ல. மற்ற கைக்கு முன்பே வேலையைத் தொடங்கி, அதற்கு ஆதாரத்தை அமைத்துத் தருபவை என்றார். இரு கை வேலை என்பது சமமில்லாத இரண்டு வேலைகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து நடப்பது.

கேள்வி இங்கேதான் பிறக்கிறது. இந்த எதிர்பார்ப்பு எங்கே நடக்கிறது?

2

வலது கையை மூளையின் இடது பாதியும் இடது கையை வலது பாதியும் இயக்குகின்றன. தலையின் ஒரு பக்கம் அடிபட்டால் உடலின் மறுபக்கம் இழுத்துக்கொள்வதைக் கிரேக்கத்தில் ஹிப்போக்ரடிஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்களே பேசுகின்றன. அப்படியானால் உளியைப் பிடித்திருப்பது ஒரு பாதி, சுத்தியலை ஓங்குவது மறு பாதி. இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு பேச்சு நடந்தாக வேண்டும், இல்லையா?

நடுவே சுமார் 20 கோடி நரம்பிழைகளாலான ஒரு கட்டு இருக்கிறது. கார்பஸ் கலோசம் என்று பெயர். கலோசம் என்ற இலத்தீன் சொல்லுக்குத் தடித்துப்போன, காய்ப்பேறிய என்று பொருள். மண்வெட்டி பிடித்த கையில் வருகிறதே, அந்தக் காப்புதான். மூளையின் மெதுவான சதைக்கு நடுவில் இது மட்டும் கெட்டியாகத் தெரிந்ததால் இப்படியொரு பெயர். உடற்கூற்று நூல்களில் உழைப்பாளியின் உள்ளங்கை தற்செயலாக நுழைந்துவிட்ட இடம் இது.

பெயர் கிடைத்தும் நெடுங்காலம் அதற்கு மரியாதை கிடைக்கவில்லை. 1543இல் வெசாலியஸ் அதை வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் இணைத்து, மற்ற உறுப்புகளைத் தாங்கி நிற்கும் ஒரு முட்டுக்கட்டைபோலத்தான் விவரித்தார். நானூறு வருடம் கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. மூளையின் இரண்டு பாதிகளும் தொங்கிப்போகாமல் பிடித்துக்கொள்வதுதான் இதன் வேலைபோல என்று கார்ல் லாஷ்லி கேலி செய்தார். வலிப்பை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடத்துவதைத் தவிர வேறு வேலையைக் காணோம் என்றார் வாரன் மெக்கல்லோக்.

இடையில் ஒருவர் அதைக் கண்டுகொண்டிருந்தார். ஜெர்மனியின் ஹ்யூகோ லீப்மன். அவர் 1907இல் விவரித்த நோயாளிக்கு வலப்பக்கம் முடங்கிவிட்டது. இடது கை முடங்கவில்லை. ஆனாலும் அந்தக் கையால் எழுத முடியவில்லை. சொன்ன சைகையைச் செய்துகாட்ட முடியவில்லை. இறந்தபின் பார்த்தால் பாலத்தில் சிதைவு. இதிலிருந்து லீப்மன் வந்தடைந்த முடிவு கவனிக்கத்தக்கது. திறமையான செயலின் திட்டம் முழுக்க மூளையின் இடது பாதியில் இருக்கிறது; இடது கைக்கு அது பாலத்தின் வழியாக உத்தரவாக வந்து சேர்கிறது. அதாவது ஒரு பாதி துரை, மறு பாதி குமாஸ்தா, பாலம் தபால்காரன். லீப்மனின் கண்டுபிடிப்பில் பெரும் உண்மை இருந்தது. ஆனால் அந்த உண்மை நின்ற வடிவம் அன்றைய ஆட்சிமுறையின் வடிவம்.

இரண்டு வருடம் கழித்து, 1909இல், ராபர்ட் ஹெர்ட்ஸ் என்ற இளம் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எதிர்த்திசையிலிருந்து வந்தார். வலது கையின் மேன்மையை உடம்பு மட்டும் தீர்மானிக்கவில்லை. புனிதம்–தீட்டு என்று உலகத்தைப் பிரித்துவைத்திருக்கும் சமூகம்தான் உடம்பில் இருக்கும் சிறிய வித்தியாசத்தைப் பெரிய நியதியாக ஆக்குகிறது என்றார். ஹெர்ட்ஸ் 1915இல் போர்முனையில் செத்துப்போனார். அவர் சொன்னதை விளங்கிக்கொள்ள நமக்கு பிரெஞ்சு வேண்டியதில்லை. சோத்தாங்கை, பீச்சாங்கை என்ற இரண்டு சொற்கள் போதும். குழந்தை இடது கையை நீட்டினால் பட்டென்று தட்டிவிடுகிறோமே, அது ஹெர்ட்ஸின் முழுக் கட்டுரை.

3

பாலத்தை வெட்டிப் பார்த்தபோதுதான் அதன் வேலை தெரிந்தது. வலிப்பு பரவாமல் தடுக்க 1940 வாக்கில் வான் வாகனன் அமெரிக்காவில் இந்த அறுவையைத் தொடங்கினார். நோயாளிகள் சாதாரணமாகவே இருப்பதுபோலத் தெரிந்தது. 1962இல் போகனும் வோகலும் செய்த அறுவைக்குப் பிறகு, ரோஜர் ஸ்பெரியும் மைக்கேல் கசானிகாவும் வேறு விதமாகச் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு மட்டும் தெரியும்படி ஒன்றைக் காட்டினால் மறு பாதிக்கு அது தெரியவேயில்லை. ஸ்பெரிக்கு 1981இல் நோபல் பரிசு. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று நாம் தர்மத்துக்குச் சொல்வது இவர்கள் உடம்பில் நோயாக நடந்தது. சிலருக்கு ஒரு கை சட்டைப் பொத்தானைப் போட, மறு கை அதை அவிழ்த்துக்கொண்டே வந்தது.

ஆனால் நமக்கு வேண்டிய விஷயம் அந்த வேடிக்கையில் இல்லை. 1972இல் ப்ரைலோவ்ஸ்கி ஒரு எளிய சோதனை செய்தார். இரண்டு கைப்பிடிகள். ஒன்றைச் சுழற்றினால் பேனா கிடைமட்டமாக நகரும், மற்றதைச் சுழற்றினால் செங்குத்தாக. இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழற்றி ஒரு சாய்வுக் கோட்டை வரைய வேண்டும். பாலத்தின் முன்பகுதி வெட்டப்பட்டவர்களால், கண்ணால் பார்க்காமல், இதைச் சரியாகச் செய்ய முடியவில்லை. புதிதாக ஒரு இரு கை வேலையைக் கற்கும்போது ஒவ்வொரு கையும் தான் செய்யப்போவதை மற்றதற்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பார்வை மூலம் வரும் செய்தி தாமதமானது. பாலத்தின் வழியே போகும் செய்திதான் நேரத்துக்குப் போய்ச் சேருகிறது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் தெரியவந்தது. இடது கையால் வட்டமும் வலது கையால் சதுரமும் ஒரே சமயத்தில் வரைந்து பாருங்கள். வட்டத்துக்கு மூலை முளைக்கும், சதுரம் உருளும். 1996இல் ஃப்ரான்ஸ், இவ்ரி, கசானிகா முதலியோர் ஒவ்வொரு கையாலும் வேறு வேறு திசையில் திறந்த மூன்று பக்கக் கட்டங்களை வரையச் சொன்னார்கள். பாலம் வெட்டப்பட்டவர்கள் சிரமமில்லாமல் வரைந்தார்கள். பாலம் உள்ள நாம்தான் குழம்புகிறோம். ஆனால் அவர்களுடைய கைகளும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடித்தன. வடிவத்தின் ஒட்டுதல் பாலத்தின் வழியே நடக்கிறது. காலத்தின் ஒட்டுதலில் ஒரு பங்கு மூளையின் கீழடுக்குகளிலும் இருக்கிறது. தொடர்ச்சியாக வட்டம் போடச் சொன்னால் அவர்களுடைய கைகள் காலத்திலும் பிரிந்துபோவதை 2002இல் காட்டினார்கள். ஆக, பாலத்துக்கு ஒரே வேலை இல்லை. சேர்க்கவும் செய்கிறது, சில சமயம் சேர்ந்து கெடுக்கவும் செய்கிறது.

மூன்றாவதாக ஒன்று. சின்னக் குழந்தை ஒரு கை விரலை மடக்கினால் மறு கை விரலும் கூடவே மடங்கும். வளர வளர, பத்து வயது வாக்கில், இது மறைகிறது. பாலம் முதிர்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறார்கள். ஒரு பாதி வேலை செய்யும்போது மறு பாதியை அடங்கியிருக்கச் சொல்லும் செய்தியும் பாலத்தின் வழியேதான் போகிறது. 1992இல் காந்தத் தூண்டல் மூலம் இதை நேராகவே அளந்தார்கள். எனவே இதைப் பாலம் என்பதைவிட ஏரி மதகு என்றால் பொருத்தம். திறப்பதும் அடைப்பதும் சேர்ந்ததுதான் மதகின் வேலை. இரு கைகள் வேறு வேறாக இயங்க முடிவதே அவை இணைந்திருப்பதால்தான்.

4

உடம்பின் இரண்டு கைகளைப் பற்றி இவ்வளவு. தமிழ்ச் சமூகத்துக்கும் இரண்டு கைகள் இருந்தன.

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வலங்கை என்ற அடைமொழியோடு படைகள் வருகின்றன. போகப்போக வலங்கை 98 சாதி, இடங்கை 98 சாதி என்று ஊரே இரண்டு கைகளாகப் பிரிந்தது. ஊருக்கு ஊர் பட்டியல் மாறும். பொதுவாக நிலத்தை ஒட்டிய சாதிகள் வலங்கை, கைவினை–வணிகச் சாதிகள் பல இடங்கை. பறையர் வலங்கை. கல்லையும் மரத்தையும் பொன்னையும் இரண்டு கைகளாலும் வேலை வாங்கிய கம்மாளர் இடங்கை. சில சாதிகளில் ஆண்கள் ஒரு கை, பெண்கள் மறு கை என்று எண்ணப்பட்டதாக 1909இல் வெளிவந்த தொகுதிகளில் தர்ஸ்டன் பதிவு செய்கிறார். ஒரே குடிசைக்குள் இரண்டு கைகள்.

சண்டை எதற்கு? எந்தத் தெருவில் ஊர்வலம் போகலாம், எந்தக் கொடி பிடிக்கலாம், எந்த வாத்தியம் வாசிக்கலாம். சோழர் காலக் கொங்குக் கல்வெட்டொன்று, நன்மைக்கும் தீமைக்கும் இரட்டைச் சங்கு ஊதவும் பேரிகை கொட்டவும் செருப்பு அணியவும் வீட்டுக்குச் சாந்து பூசவும் கம்மாளருக்கு உரிமை தருகிறது. அரசாணை போட்டுத் தரவேண்டிய அளவுக்கு மேளச் சத்தம் அதிகாரத்தின் சத்தமாக இருந்திருக்கிறது. 1652இலும் 1707இலும் கும்பினியாரின் சென்னைப் பட்டணத்தில் இரண்டு கைகளும் மோதிக்கொண்டன. தெருக்களைப் பிரித்துக்கொடுத்து மத்தியஸ்தம் செய்த கும்பினி தன் கல்லாவைக் கவனித்துக்கொண்டது.

இந்தப் படத்தில் ஒரு விஷயம் கண்ணில் படாமலே இருக்கிறது. பிராமணர்கள் இரண்டு கையிலும் இல்லை. கைகள் அடித்துக்கொள்ளும், தலை எந்தக் கையிலும் சேராமல் மேலே நிற்கும். புருஷசூக்தத்தின் உடம்பிலும் இதுதான் ஏற்பாடு: வாயிலிருந்து ஒருவன், காலிலிருந்து இன்னொருவன். இடம் வலம் என்ற பிளவு, மேல் கீழ் என்ற பிளவை மறைத்துக்கொண்டு நின்றது என்றே நான் வாசிக்கிறேன்.

5

ஒரு முறை இரண்டு கைகளும் சேர்ந்தன. 1429, விஜயநகரத்து இரண்டாம் தேவராயன் காலம். விருத்தாசலம், ஆடுதுறை, கொறுக்கை ஆகிய ஊர்களின் கல்வெட்டுகள் இதைச் சொல்கின்றன. அரசு அதிகாரிகளும் சீவிதக்காரரும் வருத்துகிறார்கள். காணியாளரும் பிராமணரும் சேர்ந்து வரி வாங்குகிறார்கள். எனவே வலங்கை 98ம் இடங்கை 98ம் கூடி முடிவெடுக்கிறார்கள். அவர்களுக்கு இடம் கொடுப்பதில்லை. கணக்கு எழுதிக் கொடுப்பதில்லை. நியாயமான வரி இன்னது என்று நாமே விதிப்போம். மீறுகிறவன் நாட்டுத் துரோகி.

கவனியுங்கள். இரண்டு கைகளும் சேர்ந்த அன்றைக்கே எதிரி யாரென்று தெளிவாகிவிட்டது. கணக்கு எழுதமாட்டோம் என்ற வரி எனக்கு முக்கியமாகப் படுகிறது. எழுத்தும் கணக்கும் தலையின் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எழுதுகிறதும் ஒரு கைதான், அதைப் பின்வாங்கிக்கொள்ளலாம் என்று 1429இன் குடிகளுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒற்றுமை நீடிக்கவில்லை. இருநூறு சொச்சம் வருடத்தில் சென்னைத் தெருக்களில் பழைய சண்டை திரும்பிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. சமூகம் ஒரு மூளை, 1429 அதன் கார்பஸ் கலோசம் என்று நான் சொல்லவரவில்லை. உடம்பைச் சமூகத்துக்கு உவமையாக்குவது புருஷசூக்தம் செய்த வேலை. அந்த உவமை எப்போதும் யாரையாவது காலாக்கிவிட்டுத்தான் முடியும். எனக்குத் தேவை நேர் எதிரானது. உடம்பைப் பற்றிய இன்றைய அறிவைக்கொண்டு அந்த உவமையை உடைக்க முடியுமா என்பதுதான் கேள்வி. தலை நினைக்கும், கை செய்யும் என்ற வாக்கியம் உடம்பளவிலேயே பொய் என்றால் சாதியின் ஒரு தூண் ஆடுகிறது.

6

செஞ்சி வட்டாரத்தில் பறையடிக்கும் பெரியவர் ஒருவரிடம் இரண்டு கைகளைப் பற்றிக் கேட்டேன். பறையில் வலது கைக்குக் குட்டையான தடித்த அடிக்குச்சி. இடது கைக்கு நீண்டு மெலிந்த மூங்கில் சிண்டுக்குச்சி. இடது தோளில் தொங்கும் பறையை அணைத்துப் பிடித்துக்கொண்டே அந்தக் கை அடிக்கவும் வேண்டும். அவர் சொன்னார்: "ரெண்டு கையும் ஒண்ணா வுழுந்தா அது அடியே இல்ல தம்பி. சின்னப் பசங்களுக்கு மொதல்ல அதான் வியாதி. அடிக்குச்சி எங்க போவுதோ சிண்டுக்குச்சியும் அது பின்னாலயே ஓடும். அத்த நிறுத்தறதுக்கே மாசக்கணக்கா ஆவும். எங்கப்பா சோத்தாங்கைய முதுகுக்குப் பின்னால வெச்சிக்கச் சொல்லிட்டு, பீச்சாங்கையால மட்டும் அடிக்கச் சொல்லுவாரு."

ஒரு கை மறு கையின் பின்னால் ஓடுவதை 1980களில் ஸ்காட் கெல்சோ ஆய்வுக்கூடத்தில் காட்டினார். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் மாற்றி மாற்றி அசைக்கச் சொல்லி வேகத்தைக் கூட்டினால், ஒரு கட்டத்தில் அவை தாமாகவே கண்ணாடிப் பிம்பம்போல ஒரே மாதிரி அசையத் தொடங்கிவிடும். பறைக்காரர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார், கைகள் அந்தப் பள்ளத்தில் விழுவதில்லை. பள்ளத்தை அடைத்துவைத்திருப்பது பல வருடப் பயிற்சி. தவிலிலும் இப்படித்தான்: ஒரு கையில் விரல் கூடுகள், மறு கையில் கழி. மிருதங்கத்தில் வலந்தலைக்கு ஒரு மொழி, தொப்பிக்கு வேறு மொழி. தமிழ்த் தாளம் முழுக்கவே சமமில்லாத இரு கைகளின் உரையாடல்.

1995இல் ஷ்லாக் குழுவினர், ஏழு வயதுக்கு முன் பயிற்சி தொடங்கிய இசைக்கலைஞர்களுக்குப் பாலத்தின் முன்பாதி பெரிதாக இருப்பதை அளந்தார்கள். அவர்கள் பிறவியிலேயே அப்படி இருக்கலாமே என்று கேட்கலாம். 2009இல் ஹைட் குழுவினர் குழந்தைகளைப் பயிற்சிக்கு முன்னும் பதினைந்து மாதத்துக்குப் பின்னும் அளந்தபோது, பாலம் உட்படச் சில பகுதிகளில் மாற்றம் தெரிந்தது. கை வேலை மூளையை வடிவமைக்கிறது. உள்ளங்கையில் காப்புக் காய்ப்பதுபோல உள்ளேயும் ஒன்று உரமேறுகிறது. ஆனால் இவ்வகை ஆய்வுகளில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பியானோ, வயலின் வாசிப்பவர்கள். 'இசைக்கலைஞர்' என்ற சொல்லுக்குள் யார் வரலாம் என்பது ஸ்கேன் அறைக்கு வெளியிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

நம் ஊரிலும் அப்படியே. மிருதங்கத்தைச் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய நூல் 2020இல் வெளிவந்தபோது, வெளியீட்டு விழாவுக்குத் தந்திருந்த அரங்கு அனுமதியைக் கலாக்ஷேத்ரா ரத்து செய்தது. மாட்டுத்தோலை இழுத்துக் கட்டிச் சுருதி சேர்க்கிற தலித் கைகளின் பெயர்களை அந்த நூல் பதிவு செய்திருந்தது. சீயமங்கலத்துக் கல்வெட்டில் இல்லாமல் போன பெயர், ஆயிரத்து நானூறு வருடம் கழித்தும், எழுதப்பட்டால் தொந்தரவாகிவிடுகிறது.

7

இடது மூளை தர்க்கம், வலது மூளை கலை என்று இப்போது பள்ளிக்கூடம்வரை ஒரு பேச்சு வந்துவிட்டது. ஸ்பெரியின் ஆய்வைக் கடைச்சரக்காக்கிய பேச்சு அது. 2013இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1011 பேரின் மூளைப் படங்களைப் பார்த்தவர்கள், ஆளுக்கு ஒரு பாதி ஓங்கியிருக்கிறது என்பதற்கு ஆதாரம் காணவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு சாகாது. வலங்கை–இடங்கை மனசுக்கு இப்படி ஒரு அறிவியல் வேட்டி தேவைப்படுகிறது.

பறையை விடுவதா எடுப்பதா என்ற விவாதம் 1990களில் தலித் இயக்கங்களுக்குள் சூடாக நடந்தது. சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று பறையை எரித்த ஊர்கள் உண்டு. மேடையில் விடுதலை வாத்தியமாக எடுத்தவர்கள் உண்டு. இரண்டு தரப்பும் ஒன்றையொன்று சந்தேகித்தன. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கிவைக்கிறது என்று அம்பேத்கர் 1936லேயே விளக்கியிருந்தார். அந்த வெளிச்சத்தில் பார்த்தால், மறுக்கவேண்டியது அடுக்கை: அழைத்தால் வந்து அடிக்கவேண்டும், கூலி கேட்கக்கூடாது, தெருமுனையில் நிற்கவேண்டும் என்பதை. மறுக்கக்கூடாதது அந்தக் கைகளுக்குள் இருக்கும் அறிவை. அது பிறப்பால் வந்த வழக்கம் இல்லை. மாதக்கணக்கில் இடது கையைத் தனியே பழக்கி ஈட்டிய கல்வி. கல்வி என்றால் கற்க விரும்பும் எவருக்கும், எந்தத் தெருப் பிள்ளைக்கும் கற்றுத்தரலாம். கற்றுத்தருகிறவருக்கு ஆசிரியர் என்ற பெயரும் அதற்கான சம்பளமும் தரவேண்டும். நம் கல்லூரி இசைத்துறைகள் பறையை நாட்டுப்புறவியல் பாடத்தில் ஒரு பத்தியாக வைத்திருக்கும்வரை, அங்கே தலை மட்டும்தான் படித்துக்கொண்டிருக்கிறது.